தலையில் வைத்த புள்ளி

திரைக்கு அந்தப் பக்கம் கணவனின் குரல் கேட்டதும் நித்யஸ்ரீக்கு முதலில் வந்தது பெருமைதான். பின்னால் வந்ததையெல்லாம் சொல்லத்தான் போகிறோம். அதனால் முதலில் வந்ததையும் சொல்லிவிடுவதுதான் நியாயம்.

புதன்கிழமை, மதியம் ஒன்றே முக்கால். சேலத்தில் அவள் நர்சாக இருக்கும் தனியார் மருத்துவமனையில் இதய டாக்டரின் அறை. கடைசி நோயாளி எழுந்து போயாகிவிட்டது. டாக்டர் சாப்பிடப் போவதற்கு முன்னால் கிடைக்கிற அந்தப் பத்து நிமிடம் மெடிக்கல் ரெப்புகளுக்கு உரியது. ஆளுக்கு இரண்டு நிமிடம், பையைக் கால் ஓரம் வைத்துவிட்டு, நின்றபடியே பேசிவிட்டுப் போக வேண்டும். நித்யஸ்ரீ வழக்கமாக மேல்மாடி வார்டில் இருப்பவள். அந்த வாரம்தான் இங்கே மாற்றிப் போட்டிருந்தார்கள். ஜெகதீஸ்வரனும் வழக்கமாக ராசிபுரம், நாமக்கல் பக்கம் சுற்றுகிற ரெப். சேலம் பார்க்கிறவனுக்கு அம்மை போட்டதால் அன்று இங்கே வந்திருந்தான். திரைக்குப் பின்னால் ஈ.சி.ஜி. ஒயர்களைச் சுருட்டிக்கொண்டிருப்பது தன் மனைவி என்று அவனுக்குத் தெரியாது. கல்யாணமாகி ஆறு வருடத்தில் அவன் வேலை செய்வதை அவள் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை ஒன்றைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான். பேச்சோடு பேச்சாக அந்த வார்த்தை வந்தது. ரத்தத்தில் கொழுப்பு கூடிப்போவதற்கு இங்கிலீஷ் வைத்தியம் வைத்திருக்கும் ஒன்பது துண்டுப் பெயர். ஹை-பர்-க-லெஸ்-ட-ர-லீ-மி-யா. முதல் ஆறு துண்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தாண்டிப் போய், ஏழாவதான 'லீ'யில் நன்றாக அழுத்தி நின்று, மிச்சம் இரண்டில் இறங்கிவிட்டான். எங்கேயும் தடுக்கவில்லை. 'அட, நம்ம ஊட்டுக்காரரா இது' என்று அவளுக்கு உதடு தானாக விரிந்தது.

மறுபடி சொன்னான். மறுபடியும் 'லீ'. அடுத்து, இதயம் வேகமாகத் துடிப்பதற்கான பெயர் வந்தது. டே-கி-கார்-டி-யா. அதில் 'கார்' மேல் அழுத்தினான். நித்யஸ்ரீயின் கை ஒயரோடு நின்றுவிட்டது. ஏனென்றால் அன்று காலையில் இதே வார்த்தையை வீட்டில் அவளுக்குச் சொல்லிக்கொடுக்க அவன் டம்ளரில் விரலால் தட்டிக் காட்டியபோது, அழுத்தத்துக்கான பெரிய தட்டு 'டே'யில்தான் விழுந்தது.

நாக்கு தவறியிருக்கும் என்று நினைத்தாள். நாக்கு ஒரு தடவை தவறலாம். இரண்டு நிமிடத்தில் ஏழெட்டு நெட்டை வார்த்தைகளைச் சொன்னான் அவன். ஒன்றில்கூட அழுத்தம் முதல் துண்டில் விழவில்லை. டாக்டர் தலையாட்டினார். கதவு சாத்திய சத்தம் கேட்டது. அவள் அதன் பிறகும் திரைக்குள்ளேயே நின்றாள்.

இது ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்றால், அவளுடைய அயர்லாந்து வேலை இந்த அழுத்தத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. ஏஜென்சி ஒன்று டப்ளின் மருத்துவமனையில் அவளுக்கு இடம் பிடித்துக் கொடுத்திருந்தது. நர்சிங் படித்த நாளிலிருந்து அவள் ஆசைப்பட்டது அது. ஒரே ஒரு பரீட்சைதான் பாக்கி. நோயாளியாக நடிக்கிற ஒருவரிடம் நர்சாக இங்கிலீஷில் பேசிக் காட்ட வேண்டும். மூன்று தடவை முயற்சி செய்யலாம். மூன்றிலும் தேறாவிட்டால் அந்த இடம் வேறொருவருக்கு. இரண்டு தடவை தோற்றாகிவிட்டது. மூன்றாவதற்கு இன்னும் பத்து நாள் இருந்தது.

நாமக்கல்லில் தமிழ் வழியில் படித்தவளுக்கு நெட்டை நெட்டையான நோய்ப் பெயர்கள் வாயில் நுழைவது பெரும் பாடாக இருந்தது. வார்டிலும் முழுசாக யாரும் சொல்வதில்லை. பித்தப்பையை எடுக்கிற ஆபரேஷனுக்கு ஆறு துண்டில் ஒரு பெயர் இருக்கிறது. டாக்டர்கள் 'லேப் கோலி' என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். கோச்சிங் சென்டரில் சேரட்டுமா என்று கேட்டபோது ஜெகதீஸ்வரன் சிரித்தான். செல்லமாக அவளை 'சாமி' என்றுதான் கூப்பிடுவான்.

"ஊட்லயே வாத்தியாரு இருக்கறப்ப சென்டரு எதுக்கு சாமி? எங்க கம்பெனி ட்ரெய்னிங்ல மூணு மாசம் இதத்தான் போட்டு வதக்குனாங்க."

பொய்யில்லை. ரெப் வேலையே வாயை நம்பித்தான். டாக்டர் முன்னால் மருந்தின் பெயரில் தடுக்கினால் அன்றைக்கே மரியாதை போய்விடும். அதனால் தினமும் காலையில், ஐந்து வயது மகள் தமிழினிக்குத் தலை பின்னிக்கொண்டே, நித்யஸ்ரீ பாடம் கேட்டாள். ஒரு நீல அட்டை நோட்டில் வார்த்தையைத் தமிழில் துண்டு துண்டாக எழுதுவாள். எந்தத் துண்டில் அழுத்த வேண்டுமோ அதன் தலையில் அவன் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பான். பிறகு டம்ளரில் தட்டுவான். புள்ளி வைத்த துண்டுக்குப் பெரிய தட்டு, மற்றதுக்கெல்லாம் சின்னத் தட்டு. கேட்டுக் கேட்டுத் தமிழினிக்கே பாதி வார்த்தைகள் மனப்பாடமாகியிருந்தன.

போனில் கேட்டுப் பார்க்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். அவளும் கேட்டாள். போன் அமெரிக்காக்காரன் மாதிரிச் சொல்லும், அயர்லாந்துப் பரீட்சைக்கு அது ஆகாது, கேட்டுக் குழப்பிக்கொள்ளாதே என்றான் அவன். கேரளத்து சர்ஜன் ஒருவர் அந்த ஆறு துண்டுப் பெயரை ஒருநாள் முழுசாகச் சொன்னபோது, அழுத்தம் நான்காவது துண்டில் விழுந்ததை அவள் காதாரக் கேட்டாள். 'மலையாளத்துக்காரரு, அவரு நாக்கு அப்படி' என்று தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். புருஷன் வைத்த புள்ளியை நம்பினாள், தன் காதை நம்பவில்லை. நல்ல பெண்கள் செய்கிற முட்டாள்தனம்தான் இது.

இப்போது நோட்டை எடுத்தாள். அது எப்போதும் அவள் கைப்பையில்தான் இருக்கும். முதல் பக்கத்திலிருந்து பார்த்தாள். தெர்-மா-மி-டர், 'மா' மேல் புள்ளி. நியு-மோ-னி-யா, 'மோ' மேல் புள்ளி. நான்கு பக்கம் இப்படியே போனது. ஐந்தாவது பக்கத்தில் தேதி செப்டம்பர் இருபத்திரண்டு. அங்கிருந்து எல்லாப் புள்ளிகளும் முதல் துண்டின் தலைக்கு ஏறிவிட்டன. அப்-பென்-டி-சை-டிஸ், 'அப்' மேல். கோ-லி-சிஸ்-டெக்-ட-மி, 'கோ' மேல். கடைசிப் பக்கம் வரைக்கும் அப்படியேதான்.

செப்டம்பர் இருபத்தொன்று அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. டப்ளினிலிருந்து வேலைக் கடிதம் வந்த நாள். அன்று அவன்தான் லட்டு வாங்கி வந்தான். நீ முன்னால் போ, ஆறு மாதத்தில் நானும் பாப்பாவும் வந்துவிடுகிறோம் என்று தெருவுக்கே கேட்கிற மாதிரிச் சொன்னவனும் அவன்தான்.

புள்ளி இடம் மாறியதை அவள் அப்போதே கவனித்துக் கேட்டிருந்தாள் என்பதுதான் கொடுமை.

"மொதல்ல நடுவுல வெச்சீங்க, இப்ப எல்லாத்துக்கும் தலைலயே வெக்கறீங்களே?"

"சின்ன வார்த்தைக்கு நடுவுல வரும். நீட்டு வார்த்தைக்குத் தலைலதான் வெயிட்டு. உங்கப்பாகிட்டக் கேட்டுப்பாரு, நீட்டு வண்டிக்கு இன்ஜின் எங்க இருக்குது? முன்னால தான?"

அவளுடைய அப்பா கந்தப்பன் முப்பது வருடம் லாரி ஓட்டியவர். லாரிக்கு பாடி கட்டுகிற பட்டறைகளுக்கு நடுவில் வளர்ந்தவளுக்கு இதைவிடப் புரிகிற மாதிரி யார் சொல்லிவிட முடியும்? சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டாள். அதோடு முதல் துண்டில் அழுத்துவது தமிழ் நாக்குக்குத் தானாக வருகிற வழக்கம். ஆக, அவன் புதிதாக எந்தத் தப்பையும் கற்றுக்கொடுக்கவில்லை. அவள் நாக்கில் ஏற்கெனவே இருந்த தப்பை எடுத்துத் திருத்த வேண்டியவன், அதன் தலையில் புள்ளி வைத்து அதையே சரி என்று சொல்லிவிட்டான். நம் ஊர்க்காரன் யார் வந்து பார்த்தாலும் சந்தேகப்பட முடியாத வேலை.

மதியச் சாப்பாட்டுக்குப் போகாமல் நேராக ஜாக்குலினைத் தேடிப் போனாள். ஜாக்குலின் அதே மருத்துவமனையில் குழந்தைகள் வார்டு நர்ஸ். சூரமங்கலம் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள். அவளும் இதே ஏஜென்சி, இதே பரீட்சை. மூன்று மாதத்துக்கு முன்னால் நித்யஸ்ரீ ஆசையாக அந்த நோட்டைக் கொடுத்து, மொத்தத்தையும் ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளச் சொல்லியிருந்தாள். ஜாக்குலினும் அதை வைத்துத்தான் படித்தாள். போன மாதம் முதல் முயற்சியில் தோற்றாள்.

நித்யஸ்ரீ திக்கித் திணறிச் சொல்லி முடித்ததும் ஜாக்குலின் கையிலிருந்த சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்தாள்.

"புருஷன் அப்படிப் பண்ணுவாரா நித்யா? எனக்கு நம்ப முடியல."

"எனக்கும்தான் முடியல."

"நான் வேற ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காத. நீ ரெண்டு தடவ எழுதிட்ட. நான் ஒரே தடவைல பாஸ் பண்ணிட்டா உன் இடம் எனக்கு வந்துடும்னு பயமா? தப்புன்னு தெரிஞ்சேதான் அந்த நோட்டைக் குடுத்தியா?"

 அவன் செய்தது தன்னோடு நிற்கவில்லை, தன் கையாலேயே இன்னொருத்தியின் தலையிலும் புள்ளி வைக்க வைத்திருக்கிறான் என்று நித்யஸ்ரீக்கு அப்போதுதான் உறைத்தது. அழக்கூட வரவில்லை.

"இன்னைக்கிச் சாயந்திரம் அவரையே ஒரு வார்த்தைக்குப் புள்ளி வெக்கச் சொல்றேன். மத்தியானம் டாக்டர்கிட்ட அவர் வாயால சொன்ன வார்த்தை. எங்க வெக்கறாருன்னு உனக்கு போட்டோ அனுப்பறேன். அப்பறம் நீ எதுன்னாலும் சொல்லு."

டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. இறங்கும் வரைக்கும் அவள் மனதில் ஓடியது இரண்டு தோல்விகளும் அதற்குப் பிறகு அவன் சொன்ன ஆறுதலும்தான். பரீட்சையில் நோயாளியாக நடித்த வெள்ளைக்காரம்மா இரண்டு தடவையும் முகத்தைச் சுருக்கிக்கொண்டு 'பார்டன்?' 'பார்டன்?' என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நித்யஸ்ரீ ஒவ்வொரு முறையும் முதல் துண்டை இன்னும் ஓங்கி அழுத்தினாள். அந்தம்மாவுக்கு இன்னும் புரியவில்லை. முடிவு வந்த அன்று ஜெகதீஸ்வரன் அவள் தலையை மடியில் வைத்துத் தடவிக்கொடுத்தான். 'உன்ற நாக்குக்கு வரமாட்டேங்குது, அதுக்கு நீ என்ன பண்ணுவ சாமி, உடு' என்றான். அந்த ஆறுதலுக்காக அன்று அவள் அவன் காலைத் தொட்டுக் கும்பிடாத குறை. இப்போது நினைத்தால் உடம்பெல்லாம் கூசியது.

புது பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், மூட்டை ஏற்றிய லாரி ஒன்று பஸ்ஸை உரசிக்கொண்டு போனது. அப்பா லோடு ஏற்றுகிறவர்களிடம் சத்தம் போடுவது அவளுக்கு ஞாபகம் வந்தது. பாரத்தைப் பின்னச்சுக்கு மேல் தள்ளி வையுங்கள், எல்லாத்தையும் முன்னால் அடுக்கினால் வண்டி ஸ்டியரிங்குக்கு அடங்காது என்பார். நீட்டு வண்டிக்கு இன்ஜின் முன்னால்தான். ஆனால் பாரம் பின்னால். இதை அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதே இல்லை. தெரிந்த விஷயத்தை வைத்தே அவள் கண்ணைக் கட்டியிருக்கிறான்.

ஆறரை மணிக்கு அவன் வந்தான். அவள் காபி கொடுத்தாள். தமிழினி பக்கத்தில் உட்கார்ந்து படத்துக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். நித்யஸ்ரீ நோட்டை விரித்து அவன் முன்னால் வைத்தாள். ஒன்பது துண்டுகளையும் நடுவில் கோடு போட்டு, அழகாக எழுதியிருந்தாள்.

"ஏனுங்க, இன்னைக்கி ஒரு புது வார்த்தைங்க. இதுக்கு எங்கீங்க வெயிட்டு வரும்?"

அவன் நோட்டைப் பார்த்தான். "இது எங்க புடிச்ச?" என்றான்.

"ஓ.பி.ல ஒருத்தர் சொன்னாருங்க."

பென்சிலை எடுத்தான். அந்த அரை நிமிடத்தில் நித்யஸ்ரீ வேண்டாத தெய்வமில்லை. லீயில் வைத்துவிடுங்கள், லீயில் வைத்துவிட்டால் நான் எதையும் கேட்க மாட்டேன், ஜாக்குலினிடம் நான்தான் தப்பாகப் படித்தேன் என்று சொல்லிவிடுகிறேன் என்று மனதுக்குள் கெஞ்சினாள். பென்சில் முனை வார்த்தையின் மேலாக நகர்ந்து போனது. 'லீ'க்கு நேராக ஒரு நொடி நின்றது. அவள் அதைப் பார்த்தாள். பிறகு திரும்பி வந்து 'ஹை'யின் தலையில் ஒரு புள்ளி வைத்தது.

"இங்கதான் சாமி. நீட்டு வண்டிக்கு இன்ஜின் எங்க இருக்கும்?" என்று டம்ளரில் தட்டிக் காட்டினான்.

அவள் பக்கத்தைப் போட்டோ எடுத்து ஜாக்குலினுக்கு அனுப்பினாள். அனுப்பியது போய்ச் சேர்ந்ததைப் பார்த்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"மத்தியானம் டாக்டர்கிட்ட லீயில வெச்சீங்களே."

அவன் டம்ளரைக் கீழே வைத்தான்.

"திரைக்குப் பின்னால நான்தாங்க இருந்தேன்."

முதலில் பூசி மெழுகப் பார்த்தான். டாக்டரிடம் பேசுவது ஒரு மாதிரி, பரீட்சைக்குப் பேசுவது ஒரு மாதிரி என்று ஆரம்பித்தான். அவள் நோட்டை முதல் பக்கத்துக்குப் புரட்டி, பிறகு ஐந்தாம் பக்கத்துக்குப் புரட்டி, தேதியின் மேல் விரலை வைத்தாள்.  அவன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"நீ போயிட்டீன்னா திரும்பி வரமாட்டீன்னு பயந்துட்டன் சாமி. அங்க போனதுக்கப்பறம் நான் உனக்கு எதுக்கு?"

"என்னைய சாமின்னு கூப்புடாதீங்க."

"நித்யா..."

"போகாதன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்லீங்க. சண்டை போட்டிருப்பேன். அழுதிருப்பேன். போகாமயே இருந்திருந்தாலும் இருந்திருப்பேன். போன்னு சொல்லி லட்டு வாங்கிக் குடுத்துட்டு, என்ற நாக்கு வெளங்காத நாக்குன்னு என்னையவே நம்ப வெச்சீங்களே. அது எதுக்குங்க?"

 அவள் குரலை உயர்த்தவேயில்லை. உயர்த்தியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும்.

"குடு," என்று நோட்டுக்குக் கை நீட்டினான். "இன்னும் பத்து நாள் இருக்குது. அத்தனைக்கும் சரியா புள்ளி வெச்சுத் தர்றேன். பாப்பா மேல சத்தியமா."

"நீங்க சரியாவே வெச்சாலும் இனி எப்படிங்க நம்பறது?"

அவனுடைய கை அப்படியே நின்றது. போனில் செய்தி வந்த சத்தம் கேட்டது. ஜாக்குலின்தான். 'மன்னிச்சுடு நித்யா. நாளைக்கு அரை மணி முன்னாடி வா. என் ஜெராக்ஸையும் திருத்தணும்' என்று எழுதியிருந்தாள். நித்யஸ்ரீ அதை இரண்டு தடவை படித்தாள். அப்போதுதான் அவள் கண்ணில் தண்ணீர் வந்தது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஆறு மாதமாகத் தொடக் கூடாது என்றிருந்த வேலையைச் செய்தாள். போனில் வார்த்தையைப் போட்டு, சொல்லச் சொன்னாள். ஒரு பெண் குரல் நிதானமாகச் சொன்னது. அழுத்தம் 'லீ'யில் விழுந்தது. தமிழினியின் பென்சில் டப்பாவிலிருந்து ரப்பரை எடுத்து 'ஹை' தலையிலிருந்த புள்ளியை அழித்து, 'லீ' தலையில் புதிதாக வைத்தாள். அடுத்து ஐந்தாம் பக்கம். ஒவ்வொரு வார்த்தையாகப் போன் சொல்லச் சொல்ல, அவள் அழித்து அழித்து வைத்துக்கொண்டே போனாள். ஜெகதீஸ்வரன் எழுந்து போகவில்லை. அவன் சொன்ன ஒவ்வொரு பொய்யையும் அந்தப் பெண் குரல் அவன் எதிரிலேயே சொல்லித் திருத்திக்கொண்டிருந்தது.

"அப்பென்டிசைடிஸ்" என்றது போன். 'சை'யில் அழுத்தம்.

வண்ணம் தீட்டிக்கொண்டிருந்த தமிழினி தலையை நிமிர்த்தினாள். அது அவளுக்குப் பிடித்த வார்த்தை. பள்ளிக்கூட வேனில்கூடச் சொல்லிக் காட்டுவாள்.

"அம்மா, போன் தப்பாச் சொல்லுது," என்று கிரேயானால் தரையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். "அப்! பென்டிசைடிஸ். அப்படித்தான அப்பா?"

நித்யஸ்ரீ ரப்பரைக் கையில் பிடித்தபடி கணவனைப் பார்த்தாள். குழந்தையும் பார்த்தது. ஒரே ஒரு வாக்கியம்தான் அவன் சொல்ல வேண்டியிருந்தது. அப்பா தப்பாகச் சொல்லிக்கொடுத்துவிட்டேன் என்று சொன்னால் போதும். பத்து நாளில் அவள் தேறுவாளோ மாட்டாளோ, இந்த வீட்டில் அவளால் இனி இருக்க முடியுமா முடியாதா என்பது அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது.

ஜெகதீஸ்வரன் மகளின் தலையைத் தடவினான்.

"ரெண்டுமே சரிதான் சாமி," என்றான்.

நித்யஸ்ரீ குனிந்து 'அப்' தலையிலிருந்த புள்ளியை அழித்தாள். காகிதம் கிழிந்துபோகும் வரைக்கும் அழித்தாள். பிறகு மகளைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டு, அவள் விரலைப் பிடித்து, 'சை' எங்கே வருகிறது என்று முதலிலிருந்து தட்டிக் காட்ட ஆரம்பித்தாள்.